எங்கள் வீட்டில் இருபத்தைந்து கிலோ அழுக்கு இல்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் கடை கடையாக ஏறி இறங்கித் தராசும் படிக்கல்லும் சோதித்த எடையளவு ஆய்வாளன் நான். பத்து கிராம் குறைந்தாலும் குறைவு என்றே எழுதிப் பழகிய கை, இல்லாத நலத்தை இருப்பதாக எழுத மறுக்கிறது. ஆகவே நீங்கள் நலம், என் மகள் நலம், உங்கள் ஹோட்டலின் சலவைப் பிரிவு உங்கள் மேற்பார்வையில் வெள்ளை வெளேரென்று நடக்கிறது என்று நானே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மாலை போனில் நான் "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்று சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னது என் வாய் மட்டும்தான், மற்ற உறுப்புகள் எதற்கும் அதில் சம்மதம் இல்லை. நீங்கள் அனுப்பிய சலவை மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டீர்கள். "அருமையா ஓடுது மாப்பிள்ளை, துணியைக் காயப் போடறதுதான் கொஞ்சம்..." என்று இழுத்தேன். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை நாள் துயரத்தையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். முதல் துயரம் வாயைத் தாண்டுவதற்குள் நீங்கள், "அவ்வளவுதானே மாமா, அதுக்கு ஜோடியா ஒரு டிரையர் இங்க சும்மாதான் நிக்குது, அடுத்த வாரம் லாரியில ஏத்திடறேன்" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்தேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டாள். இந்த வீட்டில் வெளுக்காமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாளும் நீங்கள் கேட்ட போதெல்லாம் அருமை, பிரமாதம், இதுவல்லவா மெஷின் என்று சொல்லிவந்தேன். நான் சொன்ன பொய் எல்லாம் சேர்ந்து இப்போது டிரையராகத் திரும்பி வருகிறது. இன்னும் ஒரு தடவை புகழ்ந்தால் இஸ்திரி போடும் உருளையும் வரும் என்ற பயத்தில்தான் நடந்ததை நடந்தபடி எழுதத் துணிந்தேன். இந்த இரும்பால் உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கல் வந்து, அது என் மகள் தலையில் விடியக் கூடாது. என் கவலை எல்லாம் அது ஒன்றுதான்.

உங்கள் நல்ல மனசை நான் அறியாதவன் இல்லை. போன முறை வந்திருந்தபோது உங்கள் அத்தை கனத்த போர்வையைப் பிழிந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய், ஹோட்டலில் மெஷின்களை மாற்றிய சமயத்தில் பழையதில் நல்லதாக ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பி வைத்தீர்கள். "மெஷின் வருது மாமா" என்று மட்டும் சொன்னீர்கள். நான் என்ன நினைப்பேன்? குளியலறை ஓரமாக அடக்க ஒடுக்கமாக நிற்கும் ஒரு வீட்டு மெஷின் என்று நினைத்து, அதற்குத் தூசி படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறைகூட வாங்கி வைத்தேன். லாரியிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் இது வேறு வீட்டுக்கு என்று டிரைவருக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டேன். என்னைவிட உயரம், பீரோவைவிட அகலம், வயிற்றில் ஒரு வட்டக் கண்ணாடிக் கதவு. வாங்கிய உறையை அதன் உச்சியில் வைத்துப் பார்த்தேன், தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

வாசல் போதவில்லை என்று நிலையோடு கதவைக் கழற்றினார்கள். குளியலறை அதன் கால் கட்டைவிரலுக்குக்கூடக் காணாது என்பதால், என் மகளின் பழைய அறையில் வைப்பது என்று முடிவானது. அந்த அறையில் உட்கார்ந்து படித்து முதல் மார்க் வாங்கியதாக அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். முதல் மார்க் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் அறை உண்மை. அந்த அறையின் தரையைக் கொத்தனார் வந்து உடைத்தார். இது தரையில் சும்மா நிற்கிற ஜாதி இல்லையாம், கான்கிரீட் மேடை போட்டு, போல்ட்டால் இறுக்கி, கட்டிப்போட்டு வைக்க வேண்டுமாம். "அவுத்து விட்டா என்ன பண்ணும்?" என்று கொத்தனாரைக் கேட்டேன். அவர் இன்னொரு சட்டி சிமென்ட் கேட்டார். பிறகு மின்சாரக்காரர் வந்து, தெருவிலிருந்து என் கை பருமனுக்கு ஒரு ஒயரை உள்ளே கொண்டுவந்தார். குழாய்க்காரர் வந்து ஒரு சுவரைக் காணாமல் ஆக்கினார். அன்று மாலை நீங்கள் போனில், "எல்லாம் சரியா உக்காந்துச்சா மாமா?" என்று கேட்டீர்கள். உட்கார இடமில்லாமல் நானும் உங்கள் அத்தையும் நின்றுகொண்டிருந்தோம். "ரொம்ப நல்லா உக்காந்துச்சு மாப்பிள்ளை" என்றேன்.

முதல் நாள் ஓட்டத்தைக் கேளுங்கள். நாங்கள் இரண்டு பேர். எங்கள் ஒரு வார அழுக்கு நான்கு கிலோ. என்னிடம் உத்தியோக காலத்து வில் தராசு ஒன்று இருக்கிறது, அதில் நிறுத்துத்தான் சொல்கிறேன். உள்ளே போட்டதும் கிணற்றில் கைக்குட்டை விழுந்த மாதிரி இருந்தது. மெஷினின் பட்டன்களோ உங்கள் ஹோட்டல் பட்டன்கள்: மேஜை விரிப்பு, அறைத் துண்டு, சமையல்காரர் உடை. ஒரு ஓய்வூதியக்காரனின் பனியன் இதில் எந்த வகை என்று நானும் உங்கள் அத்தையும் வெகுநேரம் பேசி, கடைசியில் சமையல்காரர் உடை என்று தீர்மானித்து அமுக்கினோம். நன்றாகத்தான் சுற்றியது. கடைசியில் பிழிகிற கட்டம் வந்ததும், அந்த நான்கு கிலோவும் ஒரே மூட்டையாக ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, கட்டிப்போட்ட யானை மாதிரி மெஷின் திமிறத் தொடங்கியது. தரை ஆடியது. அலமாரியில் கண்ணாடிப் பாத்திரங்கள் தாமாக இடம் மாறின. நான் நிறுத்துகிற பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாடி வீட்டுப் பல் டாக்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். வீட்டிலேயே ஒரு அறையில் வைத்தியம் பார்ப்பவர். அவர் பின்னாலேயே கழுத்தில் துணி கட்டிய நோயாளி, திறந்த வாயை மூடாமலே வந்து நின்றார். "சார், என் கை ஆடுதோன்னு பயந்துட்டேன். கையை எடுத்துப் பார்த்தா கட்டடம்தான் ஆடுது" என்றார் டாக்டர். பனியனை வெளியே எடுத்தேன். சமையல்காரர்கள் எத்தகைய உடை அணிகிறார்களோ, அதற்குக் கொடுக்கிற அடியை என் பனியன் தாங்கவில்லை. மறுபக்கம் தெரிந்தது.

அதன் பிறகுதான் கூடவே வந்த புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். சுமை குறைந்தால் இப்படித்தான் ஆடும், பாதிக்குக் கீழே போடாதே என்று தெளிவாக எழுதியிருந்தது. நீங்கள் கேட்கலாம், பாதி போட்டால் போதுமே மாமா என்று. மாப்பிள்ளை, பாதி போதும், ஏறக்குறைய போதும், பார்த்துப் போட்டுக்கலாம் என்று சொல்லாத வியாபாரி உலகத்தில் உண்டா? அந்தப் பேச்சைக் கேட்காமலேயே ஓய்வு பெற்றவன் நான். மெஷினின் நெற்றியில் ஒரு தகடு இருக்கிறது. கொள்ளளவு இருபத்தைந்து கிலோ என்று அதில் பொறித்திருக்கிறது. இருபத்தைந்து என்றால் இருபத்தைந்துதான். நிறுக்காமல் ஒரு கைக்குட்டையும் உள்ளே போகாது என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவள், "அப்ப மிச்சத்துக்கு எங்க போறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பிடித்தது சனி.

முதலில் வீட்டிலிருந்த சுத்தமான துணிகளைத் துவைத்தோம். திரைச்சீலை, போர்வை, தலையணை உறை, சோபாவின் மேலுறை எல்லாம் போட்டும் தராசு மேலே ஏறவில்லை. குளிர்காலத்துக் கம்பளி உடைகளையும் அள்ளிப் போட்டேன். கனமானவை என்பதால் மனசு குளிர்ந்தது. ஆனால் அறைத் துண்டு பட்டனில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும் என்று யார் கண்டது? வெளியே வந்தபோது என் ஸ்வெட்டர் டீ கெட்டிலுக்கு உறையாக இருந்தது. உண்மையாகவே இப்போது கெட்டில்தான் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறது, கைப் பகுதி மூக்குக்கு அளவாக இருக்கிறது. துவைத்ததையே மறுபடி துவைத்துத் துவைத்து, திரைச்சீலைக்கு வெளியே நிற்பவர்கள் எங்களைத் துல்லியமாகப் பார்க்கும் நிலை வந்தது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் ஆறு ஏழு கிலோ இடித்தது. ஒரு குடும்பம் எவ்வளவு உழைத்தாலும் இருபத்தைந்து கிலோ அழுக்குச் சேர்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாடி டாக்டர்கிட்ட வெள்ளைக் கோட்டு நிறைய இருக்கு, கேட்டுப் பாருங்களேன்" என்றாள் உங்கள் அத்தை. அவள் ஏதோ பேச்சுக்குச் சொன்னாள், நானும் வேறு வழியில்லாமல் போனேன். வேலையில் இருந்த காலத்தில்கூட ஒருவர் வாசலில் நின்று எதையும் கேட்டவனில்லை. முதல் முறையாகக் கை நீட்டி, "டாக்டர், அழுக்குத் துணி இருக்குமா?" என்று கேட்டேன். ஆடிய கட்டடம் நின்றால் போதும் என்று அவர் கோட்டு, துண்டு, நாற்காலி உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தார். எங்கள் துணியோடு சேர்த்துச் சரியாக இருபத்தைந்து. மெஷின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. நானும் சற்று நிமிர்ந்தேன். துணியை எடுக்கும்போது கணீர் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், டிரம்முக்குள்ளிருந்து ஒரு பல் செட் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என் உயிர் என்னிடம் இல்லை மாப்பிள்ளை. ஒரு மனிதரையே உள்ளே போட்டுத் துவைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் சரிபார்க்கக் கொடுத்ததை டாக்டர் கோட்டுப் பையில் போட்டு மறந்திருக்கிறார். பயந்துகொண்டே திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பெரியவர் மறுநாள் வீடு தேடி வந்தார். "என் சொந்தப் பல்லே இவ்வளவு வெள்ளையா இருந்ததில்ல சார். கடிச்சா மட்டும் கொஞ்சம் இடது பக்கமா போகுது, அது பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த இன்னொரு செட்டையும் நீட்டினார். சாமி சத்தியமாக நான் அதை வாங்கவில்லை.

அவர் வாய் சும்மா இருக்குமா? அதுதான் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, போகிற இடமெல்லாம் காட்டிவிட்டார். கட்டடம் முழுவதும் மூட்டையோடு இறங்கி வரத் தொடங்கியது. மூன்றாம் மாடி பஸ் டிரைவர் வந்தார், எதிர் வீட்டில் இருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்தார். எதற்கெடுத்தாலும் விதி என்ன சொல்கிறது என்று கேட்பதால் அவருக்குச் "சட்டம்" என்று பட்டப்பெயர். நான் வாசலில் வில் தராசோடு நின்று மூட்டை மூட்டையாக நிறுத்து உள்ளே விட்டேன். அதிகமானால் திருப்பி அனுப்புவேன், குறைந்தால் தேடிப் போவேன். ஒரு நாள் முக்கால் கிலோ குறைந்தது. வீட்டில் வேறு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் கூரியர்காரர் மணி அடித்தார். அவர் ஜாக்கெட்டை ஒரு கணம் பார்த்தேன். "தம்பி, அது கொஞ்சம் அழுக்கா இருக்கே" என்றேன். நான் பார்த்த பார்வையில் அவர் கழற்றிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து வாங்காமல், வெறும் சட்டையோடு அரை மணி நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மாமனார் வழியில் போகிறவர்களின் உடையைக் கழற்ற வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்பதை இந்த இடத்தில் நீங்கள் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் தண்ணீர் விவகாரம். வீட்டு மெஷின் தண்ணீரை மெல்ல மெல்லத் துப்பும். இது அப்படியில்லை, துவைத்து முடிந்ததும் அடிக்கதவைத் திறந்து அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. உங்கள் ஹோட்டலில் அதற்கு வாய்க்கால் இருக்கும். எங்கள் கட்டடத்தில் இருப்பது பழைய குழாய். போன தண்ணீர் போகிற வழி தெரியாமல் எதிர் வீட்டுக் குளியலறைத் தரையில் நுரையோடு எழுந்து நின்றிருக்கிறது. அப்போது உள்ளே தலைவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் கத்திய கத்தலில் கட்டடமே வாசலுக்கு வந்தது. கதவை ஒரு விரல் அளவு திறந்து, "சார், முழங்கால் வரைக்கும் நுரை வந்துடுச்சு, என் துண்டைக் கொடுங்க" என்றார். அவருடைய துண்டுகள் எல்லாம் எங்கள் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நிற்க, உங்கள் அத்தைதான் ஓடிப் போய் எங்கள் திரைச்சீலையைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அந்தத் திரைச்சீலை எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். தலைவர் என்னோடு பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் போர்வையோடு வந்தார். "விதிப்படி நான் புகார் எழுதணும். போர்வை துவைஞ்சதும் எழுதறேன்" என்றார்.

துணி கலந்துபோகிற கதையை எழுதினால் காகிதம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பஸ் டிரைவரின் சீருடை காயவில்லை என்று அவர் அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அது டாக்டரின் கோட்டு. அன்று பஸ்ஸில் ஏறிய வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் அவரிடம் வாயைத் திறந்து காட்டினார்களாம். அவரும் மனசு கேட்காமல் ஒருவருக்கு, "கடைவாய்ப் பல்லு சார், எடுத்துடறது நல்லது" என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் சூடாகும் நேரத்தில் கட்டடம் முழுவதும் விளக்கு மங்குகிறது, அப்போது எல்லா வீட்டிலும், "சார் துணி போட்டுட்டார்" என்கிறார்களாம். முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவனுக்கு இப்படி ஒரு பெயர்.

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை மாடிப்படி. துவைத்த துணியை மொட்டைமாடிக்குச் சுமப்பது நான்தான். அரை மணியில் துவைத்துத் தள்ளுகிறதே, அதன் வேகத்துக்கு என் கால் ஈடுகொடுக்குமா? சரி, சுமையாவது பரவாயில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் வழிமறிக்கிறார். டாக்டர் தன் பையனின் பரீட்சைக் கதையைச் சொல்கிறார். டிரைவர் டிப்போவில் நடக்கிற அநியாயத்தைச் சொல்லி, நியாயம் யார் பக்கம் என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார். தலைவர் கொடிக்கயிறு கட்டும் விதிகள் குறித்து என்னோடு நாள்தோறும் வாதாடுகிறார், நானும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் அவர் சொல்வது தவறு. ஓய்வு பெற்ற பிறகு ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு யாருடைய வம்பும் இல்லாமல் அக்கடா என்று உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட நிம்மதி போயே போய்விட்டது.

நியாயத்தையும் பேச வேண்டும் அல்லவா? உங்கள் மெஷின் மேல் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். வீட்டு மெஷின் ஒன்றரை மணி நேரம் முனகுகிற வேலையை இது அரை மணியில் முடிக்கிறது. எந்தக் கறையும் இதனிடம் தப்பாது. பழுது என்று ஒரு நாள் படுத்ததில்லை, எனக்குப் பிறகும் ஓடும், அதில் சந்தேகமே இல்லை. இந்தக் காரணங்களைச் சொல்லி ஹோட்டல் மெஷினையே வீட்டுக்கு வாங்கலாமா என்று என்னை யாராவது கேட்டால், தாராளமாக வாங்குங்கள், ஆனால் முதலில் ஒரு ஹோட்டலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இதற்குப் பசி அடங்காது. அதன் பசிக்கு நாங்கள் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்காகக்கூடக் கேட்கவில்லை மாப்பிள்ளை. உங்கள் அத்தைதான் பாவம். வாயில்லாப் பூச்சி. மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறாள். நாள் முழுக்க யாராவது வந்து உட்கார்கிறார்கள், அவளும் டீ போட்டு முகம் கோணாமல் பேசுகிறாள். உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறாள் என்பது இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாதா? ஆகவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான். டிரையர் ஏற்றிய லாரியைத் தயவுசெய்து கிளப்ப வேண்டாம். அதன் சூடான காற்று வெளியே போகச் சுவரில் அண்டா நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட வேண்டும் என்று மின்சாரக்காரர் சொல்கிறார், இந்த வீட்டில் இனி ஓட்டை போடச் சுவர் பாக்கி இல்லை. அப்படியே, ஹோட்டலுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று ஏதாவது சொல்லி இந்த மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் கௌரவத்துக்குக் குறைவில்லாமல், நான் கேட்டதாகத் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி நடந்துவிட வேண்டும். என் மகளுக்குத் தெரிந்தால், அப்பா உங்களை அவமானப்படுத்திவிட்டார் என்று என்னோடு ஒரு மாதம் பேச மாட்டாள்.

எழுதியதில் ஒரு சொல் கூடக்குறைய இருந்தால் வயதானவனின் அதிர்ச்சி என்று மன்னிக்கவும். கறை படியாத பெயரும், கிழியாத உறவும், தூக்க முடிந்த அளவு சுமையும் உங்கள் இருவருக்கும் என்றென்றும் அமைய வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மீது அன்பும் உங்கள் மெஷின் மீது பயமும் மாறாத மாமனார்

பி.கு.: இந்தக் கடிதம் எழுதியது உங்கள் அத்தைக்குத் தெரியாது. மாடியில் காற்று அடிக்கிறது, தலைவரின் போர்வையை ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும் என்பதால், தபாலில் போட அவளிடமே கொடுக்கிறேன். ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு முகவரி படிக்க வராது.

பி.கு.வுக்குப் பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பசை காய்வதற்குள் உறையைப் பிரித்துவிட்டேன். மாமா எழுதியதில் பொய் ஒன்றுமில்லை, பல் செட் உட்பட எல்லாம் நடந்ததுதான். ஆனால் பெரிய மெஷினாகப் பார்த்து அனுப்புங்கள், சின்னது வேண்டாம் என்று உங்களிடம் கேட்டவள் நான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். சின்ன மெஷின் வந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும், இவர் பாட்டுக்கு அந்த நாற்காலியிலேயே இருப்பார். வேலையை விட்டு வந்த பிறகு "தண்ணி", "லைட்டை அணை" இந்த இரண்டைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பேச்சு வராத நாட்கள் உண்டு. ஒரு குரலாவது கேட்கட்டும் என்று நான் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொள்வேன். ஒரு நாள் கடைக்குப் போனபோது, வருடக்கணக்காக எங்களைத் தெரிந்த கடைக்காரர், "என்னம்மா, சார் வெளியூர் போயிட்டாரா, கண்ணுலயே படலையே" என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து, அழுதுவிட்டு, அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அதனால் மெஷினை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, லாரி கிடைக்கவில்லை என்று எதையாவது சொல்லி இழுத்துக்கொண்டே போங்கள். டிரையர் நான் கேட்டதில்லை, அது உங்கள் ஆர்வம். அதை மட்டும் அனுப்பவே வேண்டாம். துணி உள்ளேயே காய்ந்துவிட்டால் இவர் மாடிக்குப் போக மாட்டார். இப்போதுகூடப் படிக்கட்டில் அவர் குரல் கேட்கிறது. கொடிக்கயிறு விஷயமாகத் தலைவரோடு சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, நான் கூப்பிடவில்லை.